தெரியாது என்ற சொல் இல்லாத மேசை

அந்த மருத்துவமனையில் விசாரணை மேசைக்காரர்கள் 'தெரியாது' என்று சொல்லக் கூடாது. எச்சில் துப்பாதே என்ற பலகைக்கு அடியிலேயே துப்புகிறவர்கள் உண்டு. அவர்களை யாரும் ஒன்றும் செய்வதில்லை. 'தெரியாது' என்று சொல்லி மாட்டிக்கொண்டால் மட்டும் மறுபடி முதலிலிருந்து பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும்.

வகுப்பு எடுப்பவர் தன் டையின் முடிச்சைத் தளர்த்தி யாரும் பார்த்ததில்லை. அவருடைய கொள்கை எளிமையானது. தெரியாததை வீட்டில் பேசுகிற மாதிரி தெரியாது என்று சொன்னால் அறியாமை. அதையே ஆங்கிலத்தில் சுற்றி வளைத்துச் சொன்னால் சேவை.

"'தட்ஸ் எ கிரேட் கொஸ்டின்'னு சொல்லுங்க. கேக்குறவங்களுக்கு ஒரு பெருமை வரும். அந்தப் பெருமையில பதில் வரலங்கிறதை மறந்துடுவாங்க. 'லெட் மீ லுக் இன்டு இட்' எதுக்கு? எழுந்து போறதுக்கு. 'ஐ வில் கெட் பேக் டு யூ' எதுக்கு? எழுந்து போகாம இருக்கிறதுக்கு. 'பீட்ஸ் மீ'ன்னாலும் தெரியாதுன்னுதான் அர்த்தம், ஆனா அது மட்டும் மேசைக்கு வேண்டாம். அதைக் கேன்டீன்ல வச்சுக்குங்க."

"யாரு சார் அடிக்கிறது?" என்று மருந்துக் கவுன்ட்டர்காரர் கேட்டார்.

வகுப்பு சிரித்தது. பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "தட்ஸ் எ கிரேட் கொஸ்டின்" என்றார்.

வாக்கியத்துக்கு ஏற்ற முகமும் உண்டு. பல் தெரியாமல் உதட்டோரம் மட்டும் லேசாக மேலே போக வேண்டும். வந்திருப்பது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று பெற்ற தாயே பார்த்தாலும் கண்டுபிடிக்கக் கூடாது. விசாரணை மேசைக்குப் புதிதாக வந்த பெண் அந்தச் சிரிப்பை ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். "இவங்களைப் பாருங்க. எதுவும் தெரியலங்கிறதே தெரியல" என்று பயிற்சியாளர் மற்றவர்களுக்கு அவளைக் காட்டினார். அவள் வீட்டில் போய்ச் சொன்னதற்கு அம்மா, "இது பாராட்டாடி, திட்டா?" என்று கேட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பயிற்சியாளரின் மனைவி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தபோது சாய்ந்து விழுந்தாள். மூளையில் ரத்தக்கட்டு என்றார்கள். அவர் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். ஐ.சி.யூ.வின் கண்ணாடிக் கதவு அவளை வாங்கிக்கொண்டு மூடியது. உறவினர்கள் எதுவானாலும் விசாரணை மேசையில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று கதவில் எழுதியிருந்தது. அந்த வாசகத்தை அழகாக எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

மதியம்வரை கதவு வாயைத் திறக்கவில்லை. மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான்.

"அக்கா கண்ணு முழிச்சிடுச்சா மாமா?"

"கேட்டுச் சொல்றேன்பா."

"காலையிலேருந்து இங்கதானே நிக்கிறீங்க? உங்க ஆஸ்பத்திரிதானே. வாங்க, போய்க் கேப்போம்."

மேசைக்காரப் பெண் எழுந்து நின்றாள்.

"என் வீட்டுக்காரிக்கு நினைவு திரும்பிச்சாம்மா?"

அவள் உதட்டோரம் தானாக மேலே போனது. "தட்ஸ் எ கிரேட் கொஸ்டின், சார்." சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. அவசரமாகப் போனை எடுத்து ஐ.சி.யூ.வைக் கூப்பிட்டாள், கேட்டாள், வைத்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"'வி வில் கீப் யூ போஸ்டட்'னு நர்ஸ் சொல்றாங்க."

"அது நான் சொல்லிக்குடுத்தது."

"ஆமா சார்."

"நல்லாத்தான் பேசுறீங்க எல்லாரும்" என்றான் மைத்துனன். "எங்க அக்கா இருக்காளா இல்லையான்னு சொல்ல மட்டும் ஆளில்ல."

பயிற்சியாளர் சட்டைப்பையிலிருந்து துணி மாட்டும் மரக் கிளிப் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "விழுந்தப்போ இது அவ கையில இருந்துச்சும்மா. விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தேன், அவ்வளவு இறுக்கம். அந்தக் கை இப்பவும் பிடிக்குதான்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் கிளிப்பைப் பார்த்தாள். படித்த வாக்கியம் எதிலும் கிளிப்புக்கு இடமில்லை.

"தெரியல சார்" என்றாள்.

பக்கத்து பில் கவுன்ட்டரில் அச்சு எந்திரம் நின்றது.

"எனக்குத் தெரியல. போய்ப் பாத்துட்டு வரேன். நீங்க கொஞ்சம் இங்க உக்காருங்க, மேசை காலியா இருந்தா என்னை வேலையைவிட்டுத் தூக்கிடுவாங்க."

கிளிப்பை எடுத்துக்கொண்டு நடந்தாள். அவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்திலிருந்து அந்த மேசையை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. எதிரே வந்து நின்ற ஒரு அம்மாள் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பையனுக்கு ஆபரேஷன் முடிஞ்சுதாய்யா?"

அவருடைய வாக்கியங்கள் எல்லாம் இஸ்திரி போட்ட சட்டையோடு தொண்டையில் வரிசையாக வந்து நின்றன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. டையைத் தளர்த்தினார்.

"தெரியலம்மா. ஒரு பொண்ணு உள்ள போயிருக்கு. வந்ததும் உங்களுக்கும் கேட்டுச் சொல்லச் சொல்றேன்."

"சரிய்யா" என்று அவள் போய் உட்கார்ந்தாள். அவர் பயந்த மாதிரி புகார் எதுவும் எழுதவில்லை.

நடைபாதையின் கோடியில் மேசைக்காரப் பெண் தெரிந்தாள். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. அவர் எழுந்து நின்று உற்றுப் பார்த்தார். நல்ல செய்தியா, கெட்ட செய்தியா, ஒன்றும் பிடிபடவில்லை. தன்னுடைய பயிற்சியின் தரம் அவருக்கு அன்றுதான் முழுதாகத் தெரிந்தது.

"முதல்ல அந்தச் சிரிப்பை எடும்மா."

எடுத்தாள். அடியில் பயந்துபோன ஒரு சின்ன முகம் இருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"தெரியலன்னாரு சார்."

"எப்படிச் சொன்னாரு?"

"அப்படியேதான். 'தெரியலம்மா, நாளைக்கு வரைக்கும் எனக்கே எதுவும் தெரியாது'ன்னாரு."

மைத்துனன் சுவரில் சாய்ந்தான். பயிற்சியாளர் அவளுடைய கைகளைப் பார்த்தார். இரண்டும் காலியாக இருந்தன.

"கிளிப் எங்கம்மா?"

"அவங்க கையில வச்சேன் சார்."

"பிடிச்சாளா?"

அவள் யோசித்தாள். அவர் கேட்டதற்குச் சரியான பதில் எதுவோ அதை மட்டும் சொல்ல வேண்டும் என்று யோசித்தாள்.

"தெரியல சார்" என்றாள். "ஆனா கீழ விழல."