இரண்டாவது பேனை

1

இந்தக் கதையை எழுதும் பேனை என்னுடையதல்ல. மெலிசாவுடையது. சரியாகச் சொன்னால் அவளுடையதும் அல்ல. அதனால்தான் இந்தக் கதை.

(இது நான்காவது தொடக்கம். முதலாவதில் பனி பெய்தது. மொழிபெயர்ப்பு நாவல்களை அளவுக்கு மிஞ்சி வாசிக்கிறவர்களுக்கு வரும் வியாதி அது. எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் பனியைக் கொட்டவிடுவது. இந்தக் கதை நடப்பது ஓகஸ்டில்.)

போன செவ்வாய், லோறன்ஸ் வீதிக் கோப்பிக் கடையில், மெலிசா ஒரு நீலப் பெட்டியை என் முன்னால் தள்ளினாள்.

"நீ கதை எழுதுறனிதானே. இதால எழுது. ஞாயிறு பூசைக்கு முதல் எனக்குத் தா."

"என்ன கதை?"

"நான் எழும்பி நிண்டனானோ இல்லையோ எண்ட கதை. எனக்கே தெரியேல்லை. நீ எழுதினா வாசிச்சுப் பாக்கிறன்."

2

தெரியாதவர்களுக்காக: எங்கள் கோவிலில், ஓகஸ்ட் கடைசி ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும், அந்த வருடம் பல்கலைக்கழகம் போகிறவர்களின் பெயர்களை, பட்டியல் வைத்திருக்கும் அமிர்தநாதர் அங்கிள் வாசிப்பார். அவர்கள் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். பாதர் ஒவ்வொருவருக்கும் நீலப் பெட்டியில் மந்திரித்த பேனை ஒன்று கொடுப்பார். கொலிச்சுக்கு, அதாவது பல்கலைக்கழகமல்லாத இரண்டு வருடப் படிப்புக்கு, போகிறவர்களுக்கு வரிசை இல்லை. அப்படி யாரும் முடிவெடுத்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அந்த வரிசையில் எட்டுப் பேர் நின்றோம். மூன்றாவது நான், நான்காவது மெலிசா. அவளுக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்திருக்கவில்லை. அடுத்த வாரம் கொலிச் தொடங்க இருந்தாள். எனக்கு அது தெரியும். நான் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த மே மாதம், அன்று அவளை வேண்டாமென்ற அதே பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. கொலிச்சிலிருந்து மாறி வருகிறவர்களை அவர்கள் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் எடுப்பார்கள். அதற்காக அவள் படித்த ஒவ்வொரு பாடத்தின் விபரத்தாளையும் தேடி எடுத்து அனுப்பினாள். ஒரு விரிவுரையாளர் வேலையை விட்டே போய்விட்டார். அவரை வன்கூவரில் கண்டுபிடித்து வாங்கினாள். இருபது பாடங்களில் பதினான்கை ஏற்றுக்கொண்டார்கள். செப்டெம்பரில் நேரே இரண்டாம் வருடம்.

ஆக, இந்த வருடப் பட்டியலில் ஆறாவது பெயர் அவளுடையது. சிக்கல் உங்களுக்கு விளங்கியிருக்கும். அவள் அங்கே இரண்டு வருடமாகப் படிக்கிறாள் என்று நம்பி, எப்போது பட்டமளிப்பு என்று கேட்கும் அன்ரிமார் கோவிலில் நான்கு வாங்கு வரிசைக்கு ஒருவராக இருக்கிறார்கள். இப்போது எழுந்து நின்றால், அன்று நின்றது பொய். எழும்பாவிட்டால், இந்த இடம் அவள் உண்மையாகவே பெற்றதென்று யாருக்கும் தெரியாமலே போகும்.

3

என் கதையின் முதற்படி:

அகஸ்ரின் தன் மகளின் பெயரைப் பட்டியலில் எழுதியபோது அவருடைய கை நடுங்கவில்லை. அவர் மன்னாரில் விட்டுவந்த கௌரவத்தை இந்த ஒரு வரியில்—

இந்த அப்பாவில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. நான் வாசிக்கும் நாவல்களில் அப்பாமார் இப்படித்தான். பேசாமல் யன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள், மூன்றாம் அத்தியாயத்தில் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுப்பார்கள். அகஸ்ரின் அங்கிளுக்குத் தொழிலே வீடுகளுக்கு யன்னல் பொருத்துவது. இதைவிட என்ன வேண்டும்?

வியாழக்கிழமை படமெடுத்து மெலிசாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் அடித்தது.*

"எடி, உது ஆர்?"

"உன்ர அப்பா."

"உது என்ர அப்பா இல்லை. நீ வாசிக்கிற புத்தகத்தில வாற ஆரோ ரஷ்யாக்காரன்."

"கதைக்காகக் கொஞ்சம்—"

"அப்பா எழுதேல்லையடி. கிரேட் ட்வெல்வ் முடிச்ச எல்லாற்ற பேரையும் அமிர்தநாதர் அங்கிள் தானாப் போட்டிட்டார். அப்பா போய், 'இவ கொலிச்சுக்கெல்லோ போறா அண்ணை' எண்டு சொல்லிப்போட்டுத் தன்ர கையாலயே வெட்டினவர்."

"பிறகு?"

"பிறகு நான் போய்த் திரும்ப எழுதினன்."

நான் பேனையை மூடி வைத்தேன்.

"நீங்கள் எல்லாரும் முன்னுக்கு நிக்க நான் மட்டும் வாங்கில இருக்கிறதே? ஷேமா இருந்தது."

"அகஸ்ரின் அங்கிள் என்ன சொன்னவர்?"

"ஒண்டுமில்லை. கை தட்டினவர்."

* மெலிசா தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள். ஒரு மணித்தியாலம் எடுக்கும் என்று நினைத்திருந்தேன். அப்பாவைப் பற்றி எழுதினால் எல்லோரும் வேகமாக வாசிப்பார்கள் போலும்.

முதற்படியைக் கிழிக்கவில்லை. என் பிழை தெரியட்டும் என்று மேலே விட்டிருக்கிறேன். "மகள் என்ன படிக்கிறா?" என்று கோவில் மண்டபத்தில் யார் கேட்டாலும் அங்கிள் "நல்லாப் படிக்கிறா" என்று மட்டும் சொல்லிவிட்டு ரோல்ஸ் தட்டை நீட்டுவார். நான் அதைத் தந்திரம் என்று குறித்து வைத்திருந்தேன். இரண்டு வருடமாக அந்த மனுசன் பொய்யும் சொல்லவில்லை, மகளைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. அப்படி ஒருவரை எழுத எந்த மொழிபெயர்ப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

4

முடிவுகள்:

(அ) ஆறாவது பெயர் வாசிக்கப்படுகிறது. மெலிசா எழுந்து போகிறாள். அன்ரனெற் அன்ரி பக்கத்தில் இருப்பவரிடம், "உவள் முந்தியும் ஒண்டு வாங்கினவளெல்லே?" பேனை கையில் விழுகிறது.

(ஆ) மெலிசா எழும்பவில்லை. அமிர்தநாதர் அங்கிள் ஏழாவது பெயருக்குப் போகிறார். ஒன்றும் நடக்கவில்லை. அவ்வளவு அமைதியாக, அவ்வளவு—

(இ) அவள் ஒலிவாங்கியை வாங்கி எல்லாவற்றையும் சொல்கிறாள். எல்லோரும் அழுகிறார்கள். (எங்கள் கோவிலில் ஒலிவாங்கி யார் கைக்கும் லேசில் வராது. வெட்டியாயிற்று.)

சனிக்கிழமை கையிலேயே கொடுத்தேன். அவள் மூன்றையும் வாசித்தாள்.

"மூண்டிலையும் நான் பாவம் மாதிரி வாறன். பொய் சொன்னது நான்தானே? அதை ஒரு வசனத்தில போடன்."

போடுகிறேன். மெலிசா பொய் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"இந்த வருசம் லிஸ்ற்றில ஆர் எழுதினது?"

"நான்தான். நேற்று அப்பா மண்டபத்துக்குப் போனவர். வந்து சப்பாத்தைக் கழட்டிக்கொண்டே சொல்றார், 'பேர் கிடக்கு. இந்த முறை நான் வெட்டேல்லை' எண்டு."

அவள் சிரித்தாள். பிறகு, "எந்த முடிவையும் எழுதாதை. நான் இன்னும் நடக்கேல்லை," என்றாள்.

5

இந்தப் பகுதியைப் பூசைத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறேன். பேனையைக் கொடுத்துவிட்டேன். நீலப் பெட்டி அவளுடைய மடியில் இருக்கிறது.

கதைக்கு இனி என் உதவி தேவையில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முடிவு தெரியாததால் வந்த தைரியமல்ல. இருபது பாடங்களைத் தாண்டி வந்தவள் பன்னிரண்டு அடி கம்பளத்தையும் தாண்டுவாள், இன்றைக்கோ வேறெப்போதோ. ஆனால் இன்றைக்கு எப்படி இருக்கிறோம் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சுவர்ப்பக்கம் அகஸ்ரின் அங்கிள். பிறகு மெலிசா. பிறகு நான். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், ஆகவே எனக்கு அடுத்ததாக, நடைபாதை ஓரத்தில், நீங்கள்.

ஐந்தாவது பெயர் வாசித்தாயிற்று. அங்கிள் முழங்காலில் வைத்திருந்த கைகளை, தட்ட ஆயத்தமாக, எடுத்துவிட்டார். நான் என் கால்களை ஒரு பக்கமாகத் திருப்பி வழி விட்டிருக்கிறேன்.

உங்கள் முழங்கால் இன்னும் வழியில் இருக்கிறது.