பெட்டி ஒன்று, முயல்கள் இரண்டு

1

இரண்டு முயல்களை ஒரே அலமாரியில் உட்கார வைத்துப் பார்க்கும் ஆசையில் பிறந்த கதை இது. ஒன்று நம் புதுக்கோட்டைப் பொட்டல்களில் பாயும் கரும்பிடரி முயல். மற்றது இமயமலை அடிவாரத்தில், ஆளுயரப் புல்லுக்குள் ஒளிந்து வாழும் முரட்டுமயிர் முயல். உறவுக்காரர்கள்தாம். ஆனால் முதலாவது ஏராளம். இரண்டாவது அடியோடு அழிந்துவிட்டதோ என்று அறுபதுகளில் அஞ்சினார்கள். (பிறகு உயிரோடு கண்டார்கள். இன்றும் அழிவின் விளிம்பில்தான்.)

சிக்கல் என்னவென்றால், எது எந்த முயல் என்று என் கதாநாயகிக்குத் தெரியவில்லை!

2

ஆண்டு 1965. கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளி. அன்று காலை வானம்...

வேண்டாம். நேராக நெருப்புக்குப் போவோம்.

விலங்கியல் ஆசிரியை அமராவதியிடம், பஞ்சடைத்துப் பாடம்செய்து பலகையில் திருகிய முயல்கள் இரண்டு. ஒன்று உள்ளூர், மற்றது அசாமிலிருந்து வந்தது. பெயர்ச்சீட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. இப்போது இரண்டிலும் வண்டு. மருந்து போட்டு மூடிவைக்க, ஒரு முயல் மட்டுமே கொள்ளும் ஒரே கண்ணாடிப் பெட்டி. மற்றதை எரிக்காவிட்டால் அலமாரி முழுக்கப் பரவிவிடும். ஹெட்மாஸ்டர் சவரியப்பன் சருகைக் கொளுத்திவிட்டார்.

"எதைப் போடுறது டீச்சர்? தீ அணையப்போவுது."

"இருங்க சார். ஒண்ணு குளத்தூர்ப் பக்கம் நாளைக்கே கெடைக்கும். இன்னொண்ணு ஒலகத்துலயே மிச்சம் இருக்கான்னு தெரியலை."

"ரெண்டும் ஒரே மாதிரியில்ல மினுங்குது!"

"இன்ஸ்பெக்டர் வாராருன்னு வார்னிஷ் அடிக்கச் சொன்னது யாரு சார்?"

"கதவுக்கு வாங்குனது மிஞ்சிப்போச்சும்மா. வீணாக்கலாமா?"

3

காதைப் பார்க்கலாமே என்பீர்கள். சரிதான்: கரும்பிடரிக்கு நீளக் காது, முரட்டுமயிருக்குக் குட்டைக் காது. ஆனால் காதுகளை வண்டு தின்றுவிட்டதாகப் போன வரைவிலேயே எழுதித் தொலைத்தேன். பிடரியின் கறுப்பு? வார்னிஷில் உடம்பெல்லாம் கறுப்பு. மயிரின் முரட்டுத்தனம்? வார்னிஷ் காய்ந்தால் பூனைக்குட்டிகூட முள்தான். தடயங்களையெல்லாம் நானே அழித்துவிட்டு அவளை நெருப்பின் முன் நிறுத்தியிருக்கிறேன்!

[அப்போது கல்கத்தாவிலிருந்து ஒரு நிபுணர் வந்து... கூடாது. அது ஏமாற்று வேலை.]

4

"சார், வார்னிஷ் அடிச்சவரு முயலைப் பலகையிலேர்ந்து கழட்டியா அடிச்சாரு?"

"அவன் அவ்வளவு வேலை பாக்குற ஆளா? அப்படியே மேலால தடவிட்டுப் போயிட்டான்."

"அப்ப அடியில வார்னிஷ் ஏறியிருக்காது. ஸ்குரூ டிரைவர் குடுங்க சார், சீக்கிரம்!"

முடிவு உங்களுடையது. இடப்பக்க முயலா, வலப்பக்க முயலா என்று நான் சொல்லப்போவதில்லை. முயலைக் கழற்றிக் கவிழ்த்து, வாலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் நம்மூர் முயல். பழுப்பாக இருந்தால் அசாம் முயல். அதைப் பெட்டிக்குள் வையுங்கள்.