தாய்மாமன் மொய், ரூபாய் ஒன்று

வேல்பாண்டிக்குப் பழைய காசு சேர்க்கிற பைத்தியம் உண்டு என்பது, தேனியில் அவருடைய மோட்டார் காயில் கட்டும் கடைக்கு வந்துபோகிற எல்லாருக்கும் தெரியும். ஒரு ரூபாய்க் காசைப் பதினெட்டாயிரம் கொடுத்து வாங்கும் அளவுக்கு அது முற்றிவிட்டது என்பது மனைவி உமாதேவிக்கே போன வாரம்தான் தெரிந்தது.

"இதே ராசா தலை போட்ட வெள்ளிக் காசு வெளிய மூவாயிரத்துக்குக் கெடைக்கும்னு நீங்கதான சொன்னீக? அப்ப மிச்சம் பதினஞ்சாயிரம் இந்தப் பிளாஸ்டிக் டப்பாவுக்கா?"

"டப்பாவுக்கு இல்லடி, மார்க்குக்கு. இதுக்குன்னே இருக்குற கம்பெனிக்காரன் லென்சு வச்சுப் பாத்து, நெசக் காசுதான், தேயல, கீறலும் இல்லன்னு எழுவதுக்கு அறுவத்தஞ்சு போட்டு சீல் வச்சிருக்கான். ஏலக்கா எட்டு எம்.எம். சல்லடையில நின்னா ஒரு வெல, விழுந்தா ஒரு வெல இல்லையா?"

"ஏலக்காயப் பாயசத்துலயாச்சும் போடலாம்" என்றாள் உமாதேவி.

கம்பத்தில் அவருடைய தங்கை நாகஜோதியின் மகள் கயலுக்குக் காதுகுத்து. கம்மலும் பட்டுப்பாவாடையும் எல்லாத் தாய்மாமன்களும் செய்வதுதான். தங்கையின் கணவர் சுருளிவேலின் சொந்தபந்தம் திரண்டு நிற்கும் மண்டபத்தில், எவரும் செய்யாத ஒன்றைச் செய்து தங்கச்சியைத் தலைநிமிர வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. இத்தனை செலவும் அதற்குத்தான்.

மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட கயல் ஒருவழியாக அழுது ஓய்ந்தாள். பந்தி ஆரம்பமானது. வேல்பாண்டி பெருமிதத்தோடு மொய் மேசைக்குப் போய் டப்பாவை நீட்டினார். அங்கே லேப்டாப்பில் மொய் ஏற்றிக்கொண்டிருந்த கருத்தக்கண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காசில் என்ன போட்டிருந்ததோ அதை அப்படியே தட்டினான். ரசீதும் வந்துவிட்டது. மைக்கும் அவன் கையில்தான் இருந்தது, பாவி.

"தேனி வேல்பாண்டி, தாய்மாமன் மொய், ரூபாய் ஒண்ணு!"

இலையில் குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. வேல்பாண்டிக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது.

பொங்கியது உமாதேவிதான். டப்பாவைப் பழித்த அதே வாயால், "ஏலே, அது பதினெட்டாயிரம்! மைக்குல திருத்திச் சொல்லுலே. என் புருசனப் பாத்து என்ன சிரிப்பு?" என்று மேசையைத் தட்டினாள்.

மேசைக்குப் பக்கத்தில் வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த சுருளிவேல் அதைக் கேட்டு, "பதினெட்டாயிரமா?" என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டாள். இருவர் முகமும் வாடியதை வேல்பாண்டி பார்த்தார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வருகிற தையில் அவர் கட்டிய புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. வாங்கின மொய்யோடு கொஞ்சமாவது கூட்டித் திருப்பி வைக்காவிட்டால் ஊர் சும்மா விடாது. சுருளிவேலுக்கோ, பழுக்கிற நேரத்தில் பெய்த மழையில் திராட்சை கொத்துக் கொத்தாக வெடித்துப்போன வருஷம் இது. தங்கச்சிமேல் உள்ள பாசத்தில் இதை யோசிக்காமல் போனோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"எவ்வளவுன்னு மாத்தட்டும்ண்ணே?" என்று கேட்டான் கருத்தக்கண்ணன்.

"மாத்த வேணாம். ஒத்த ரூவாதான்."

உமாதேவி முறைத்தாள். வேல்பாண்டி கண்ணாலேயே நாகஜோதியைக் காட்டினார். உமாதேவி பார்த்தாள். மேசைமேல் இருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

வேல்பாண்டி மைக்கை வாங்கினார்.

"மாப்ள, தையில நம்ம வீட்டுப் பால்காய்ப்பு. குடும்பத்தோட வந்துருங்க. மொய் ரெண்டு ரூவாய்க்கு மேல வச்சீகன்னா வாங்க மாட்டேன், சொல்லிப்புட்டேன்!"

மண்டபம் மறுபடியும் சிரித்தது. இந்தத் தடவை முதலில் சிரித்தது சுருளிவேல்தான்.