பழுதாகாத ஏழாம் விளக்கு

1

இக்கதை பிறந்த இடம் ஒரு மருத்துவமனை நடைவழி. பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தவர் என்னிடம் மெல்லக் கேட்டார்: "ஐயா, அந்த ட்யூப்லைட்டோட ஓரம் உங்களுக்கும் மின்னுதா?" இல்லை என்றேன். அவர் முகம் வாடிற்று. விளக்குப் பழுதாயிருந்திருப்பின் அவர் மகிழ்ந்திருப்பார்! மேற்கொண்டு வினவுவதற்குள் அவரை உள்ளே அழைத்துவிட்டனர். இனி வருவன யாவும் என் கற்பனை.

2

"மாலை மயங்கும் வேளையிலே, நாடக அரங்கின் வாயிலில்—"

வேண்டா. காலையிலேயே தொடங்குவோம்.

அன்று மாலை அரங்கேற்றம். காலையில் கடைசி ஒத்திகை. ஒளியமைப்பாளர் திடீரென்று கூவினார்: "நிறுத்துங்கப்பா! ஏழாம் நம்பர் லைட்டு போச்சு!"

அது போகவில்லை. ரம்பப் பல் போன்ற விளிம்புடைய ஒளிப்பிறை ஒன்று அவர் பார்வையின் இடப்புறத்தே நெளிந்துகொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் விளக்குகளோடு பழகியவர் வேறெதனை ஐயுறுவார்? பல்பை மாற்றச் செய்தார். கண்ணாடியைத் துடைக்கச் செய்தார். ஈற்றில் விளக்கையே அணைத்தார். பிறை அணையவில்லை.

(இடைக்குறிப்பு: இவருடைய இதயம் சீராகத் துடிப்பதன்று, அதற்கு மாத்திரை உண்டு. இதனை முன்னரே கூறியிருப்பேன், அவர்தாம் விடவில்லை. நோயைக் காட்டி, விளக்குகளை இயக்கும் பலகையின் முன்னிருந்து தம்மை எழுப்பிவிடுவார்களோ என்னும் அச்சம் அவருக்கு.)

3

அவர் மனைவி ஒப்பனைக்காரி. முதலில் அவளை அழுகின்றவளாக எழுதினேன், சிறிதும் பொருந்தவில்லை. அரசனைப் பாதி மீசையோடு விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஒரு கண்ண மூடுங்க. தெரியுதா?"

"தெரியுது."

"அடுத்தத மூடுங்க."

"தெரியுது."

"ரெண்டையும்?"

"இன்னும் பளிச்சுன்னு தெரியுது."

"அப்ப பல்பு உங்க மண்டைக்குள்ள எரியுது. கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு!"

"சும்மா தலைவலிக்கு முன்னால வர்ற வெளிச்சமா இருக்கும்டி. எங்கம்மாவுக்கும் வரும்."

"உங்கம்மா நெஞ்சு தாளம் தப்பாம அடிச்சுது. தலைவலியா, பக்கவாதமான்னு டாக்டர் சொல்லட்டும். நீங்க லைட்டுக்குத்தான் டாக்டர்."

4

"மருத்துவர் தலை கவிழ்ந்து, தழுதழுத்த குரலில்—"

இல்லை, இல்லை. இவரை நான் கொல்வதாயில்லை.

மூளையைப் படம் பிடித்தார்கள். இதயத் துடிப்பை வரைந்து பார்த்தார்கள். அதற்குள் பிறை மறைந்து, நெற்றியின் ஒரு பக்கம் இடிக்கத் தொடங்கியது.

"இது ஒற்றைத் தலைவலிதான்," என்றார் மருத்துவர். "ஆனா உங்க இதயத்த வச்சுக்கிட்டு இப்படி எது வந்தாலும் நீங்களே முடிவு பண்ணக் கூடாது. உடனே வரணும்."

தலைவலி வந்ததற்காக ஒரு மனிதர் அத்துணை மகிழ்ந்து நான் எழுதியதில்லை.

"என் வேலை?"

"ஏணி வேண்டாம். வலி விட்டதும் பலகையில போய் உக்காருங்க."

உடனே மனைவியை விரட்டினார். "நீ ஓடு! நான் வர்ற வரைக்கும் பலகையில உக்காரு."

"எனக்கு என்ன தெரியும்?"

"தினமும் சோத்துத் தட்டு முன்னால வேற எதைப் பேசியிருக்கேன்?"

5

வலி தணிந்து அவர் அரங்கினுள் நுழைந்தபோது கடைசிக் காட்சிக்கு முந்திய காட்சி நடந்துகொண்டிருந்தது. நள்ளிரவுக் காட்சி, மேடையிலோ உச்சி வெயில்! பாதி மீசை அரசன் அண்ணாந்து நோக்கி, "அமைச்சரே, நம் நாட்டில் நிலவுக்கும் வியர்க்கிறதே!" என்றான். அவை குலுங்கிச் சிரித்தது. துன்பியல் நாடகம் ஐயா அது!

ஒளியமைப்பாளர் பாய்ந்து சென்றார்.

"எந்திரி, எந்திரி. நான் வந்துட்டேன்ல."

மனைவி திரும்பவில்லை. கண்கள் மின்ன, ஒரு பிடியை மேலே தள்ளினாள். மேடை செந்நிறமாயிற்று; கைதட்டல் எழுந்தது.

"அந்தப் பக்கம் நில்லுங்க. மறைக்காதீங்க."

"அடியே, அது என் நாற்காலி!"

"இன்னும் ஒரே ஒரு காட்சிதானே. கெஞ்ச வைக்கிறீங்களே!"

நோய் தம்மை எழுப்பிவிடும் என்றுதானே அஞ்சினார்? இப்படி ஒருத்தி எழுப்புவாள் என்று அவரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

6

அவரை அமர்த்தி ஒரு முடிவு எழுதினேன்: ஒளி பிழையற விழுந்தது, அவை கண்ணீர் சிந்திற்று. அவளை விட்டுவைத்து மற்றொன்று எழுதினேன்: அவை வயிறு வலிக்கச் சிரித்தது. முன்னதைப் படித்தால் அவள் முகம் தொங்குகிறது. பின்னதைப் படித்தால் அவர் முகம். இருவரையும் ஒரே நாற்காலியில் அமர்த்திப் பார்த்தேன். "தள்ளுங்க", "நீ தள்ளு" என்பதற்குமேல் கதை நகரவில்லை.

இருப்பது ஒரு நாற்காலி. திரை உயர்ந்துவிட்டது, அரசன் இருட்டில் நிற்கிறான். வாசகரே, யாரையாவது விரைந்து உட்கார வையும்!