வெளுத்த குழாய்

தலைமை நர்சின் அறையில் நாலு பேர். மேசைக்குப் பின்னால் தலைமை நர்ஸ், ஜன்னலோரம் டாக்டர், சுவரோர ஸ்டூலில் சின்னவள். உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவருகே பெரியவள்.

பெரியவளும் சின்னவளும் ஒரே வீட்டு மருமகள்கள், ஒரே வார்டு நர்சுகள். சின்னவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். இப்போது வீட்டில் மாமியாருக்கும் வார்டில் டாக்டருக்கும் எதற்கெடுத்தாலும் சின்னவள்தான் வேண்டும். பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

காலையில் ஒரு தச்சருக்கு வலிப்பு. முதல் ஊசியிலேயே நின்றது. மறுபடி வராமலிருக்க ஃபெனிடாயின் மருந்தை ஏற்றச் சொன்னார் டாக்டர். அதைச் சலைனில்தான் கலக்க வேண்டும். குளுக்கோஸ் பட்டால் திரிந்துவிடும். பெரியவளுக்கு இது தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனால் பக்கத்துக் கட்டிலருகே டாக்டர் சின்னவளின் கைராசியைப் புகழ்ந்துகொண்டிருந்தார். பெரியவள் ஓரக்கண்ணை அங்கே வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த குளுக்கோஸ் குழாயிலேயே மருந்தைச் செலுத்தத் தொடங்கிவிட்டாள்.

மருந்து திரிந்து குழாய் வெளுத்தது. சின்னவள்தான் பார்த்தாள். ஓடிவந்து அதை மூடினாள். தச்சரின் மறுகையில் வேறு ஊசி குத்தி, புது மருந்தைச் சலைனில் கலந்து, இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்தபடி மெதுவாக ஏற்றினாள். தச்சருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது தலைமை நர்ஸ் கேட்டும், தவறு யாருடையது என்று இருவரும் சொல்லவில்லை.

“எழுத்து உங்களுக்குத்தான் நல்லா வரும், நடந்ததை மேலிடத்துக்குக் கடிதமா எழுதுங்க,” என்றார் தலைமை நர்ஸ் பெரியவளிடம். வலிப்புச் சிகிச்சைக்கான ஒரு மாத வெளியூர்ப் பயிற்சிக்கு இருவரில் யார் போவது என்பதை மேலிடம் அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யுமாம்.

நர்சுகள் அறையில் பெரியவள் எழுதினாள். சின்னவள் குழாயை மாற்றியதில் மருந்து பத்து நிமிடம் தாமதம். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

பின்னால் வந்து நின்ற சின்னவள் அதைப் படித்தாள்.

“குளுக்கோஸ்ல போட்டதும் நான்தான்னே எழுதிடுங்கக்கா. நான் புதுசு, திட்டோட போயிடும். உங்களுக்கு இத்தனை வருஷத்துப் பேரு இருக்கு.”

குத்திக்காட்டியிருந்தால் பெரியவள் தாங்கியிருப்பாள். இவள் போட்ட பிச்சையோடு காலமெல்லாம் ஒரே அடுப்படியில் நிற்பதா?

“உன் தயவு எனக்கு வேண்டாம்மா. போய் தச்சருக்கு பிபி பாரு.”

தாளைக் கிழித்துப்போட்டாள். புதுத்தாளின் முதல் வரியிலேயே, தவறு செய்தது நான் என்று எழுதினாள். கண்டுபிடித்தது சின்னவள் என்று எழுதும்போது பேனா தாளைத் துளைக்காத குறை. பயிற்சிக்கும் அவளையே அனுப்பலாம் என்று சேர்த்தாள். ஒரு மாதமாவது கண்ணில் படாமல் இருப்பாள்.

உறையின் ஓரத்தை நனைத்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டி, தபால் பையோடு கிளம்பிய பியூனிடம் கொடுத்தாள்.