படத்தின் இடது மூலை

1

"ஏனுங்க்கா, பனியன்ல இருக்கற இந்தப் பாப்பா யாருங்க?"

"ஆருக்குத் தெரியும் கண்ணு. மொதலாளி குடுத்தாரு, போட்டிருக்கறேன்."

"பேரு எழுதியிருக்குதுங்க. மில்டா."

"அப்பிடியா? பேரு நல்லாத்தான் இருக்குது. சீக்கிரம் புடிங்க அம்மணி, தறி நின்னுபோகும்."

"கொஞ்சம் சிரிங்க்கா."

"அதான் அவ சிரிக்கறாளே. பத்தாதா?"

இந்த இடத்தில் கதையைத் தொடங்குவதாக முடிவு செய்திருக்கிறேன். [முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'உறைந்த ஏரிக்கரை ஒன்றில், சிவப்புக் குல்லாய் அணிந்த எட்டு வயதுச் சிறுமி…' அடித்துவிட்டேன். அந்த ஏரியை நான் பார்த்ததில்லை. அவளுக்குக் குல்லாய் இருந்ததா என்றும் தெரியாது.]

கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பதில் வரவில்லை, இது வந்துகொண்டிருக்கிறது. இன்றோடு பதினோரு நாள்.

மேலே கேள்வி கேட்டவள் நான், கோட்டைமேடு ஃபர்சானா. பதில் சொன்னவர் சென்னியம்மாள். கருமத்தம்பட்டியில் ஆறுச்சாமி என்பவருடைய விசைத்தறிக் குடோனில் தார் சுற்றுகிறார். அதாவது, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல்கண்டுகளைச் சுற்றித் தருகிறார். கேமராவோடு நின்றவள் ஆறுச்சாமியின் மகள் ரித்திகா. என் கல்லூரித் தோழி, எங்கள் வலைப்பூவின் பாதி உரிமையாளர்.

2

வலைப்பூவின் பெயர் 'நம்மூர் உடுப்பு'.

உடை பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் கோயம்புத்தூரில் யாரும் போடாத உடைகளைப் பற்றியே எழுதுகிறார்கள் என்று ரித்திகாவுக்குக் கோபம். மே மாதக் காந்திபுரத்தில் கழுத்துவரை கம்பளிச் சட்டை எதற்கு? நம் ஊர்க்காரர்கள் போடுவதைப் படமெடுப்போம், நம் ஊர்க்காரர்களுக்காகவே தமிழில் எழுதுவோம் என்றாள். அவள் படம், நான் எழுத்து. உக்கடம் மீன் மார்க்கெட்டில் லுங்கிக்கு உள்பக்கம் பை தைத்துக்கொண்ட ஒருவர், பல்லடம் கோழிப்பண்ணையில் ரப்பர் பூட்ஸுக்குப் பொருத்தமாகத் தலைத்துண்டு தேர்ந்தெடுக்கும் அக்கா தங்கை என்று மூன்று மாதம் எழுதினோம். வாசகர்கள் இருநூற்றுச் சொச்சம். அதில் பாதிப் பேர் ரித்திகாவின் சொந்தக்காரர்கள்.

"நீ எழுதறதுல துணியவே காணோம்டி. கதைதான் இருக்குது" என்பாள் ரித்திகா.

"துணியப் படத்துல பாத்துக்கட்டும்."

"நல்லா சமாளிக்கறே."

அவள் சொன்னது உண்மை. படத்தில் இருப்பவருக்கு நானாக ஒரு வாழ்க்கையைக் கொடுத்துவிடுவேன்.*

(* தூர நாட்டு நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளில் பக்கத்தின் அடியில் குறிப்பு இருக்கும். 'இது அந்நாட்டு மக்கள் குளிர்காலத்தில் உண்ணும் ஒருவகைக் கிழங்கு.' அந்தக் கிழங்கை நான் எங்கே போய்ச் சரிபார்ப்பது? அந்தக் குரல் எனக்குப் பிடித்துப்போனது. வாசகரால் சரிபார்க்க முடியாத ஒன்றைத் தயங்காமல் சொல்கிற குரல்.)

அந்தக் குரலில்தான் சென்னியம்மாளைப் பற்றி எழுதினேன். தலைப்பு: 'சேலைக்கு மேலே பனியன்.' எங்கள் பக்கத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் சேலைமேல் வீட்டு ஆண்களின் சட்டையையோ பனியனையோ மாட்டிக்கொள்வார்கள். காட்டில் வெயிலுக்கு, தறிக்குடோனில் பஞ்சுத்தூசிக்கு. யாரும் இதை உடை அலங்காரம் என்று எண்ணியதில்லை. எண்ணிப் பாருங்கள் என்று எழுதினேன். அதுவரை சரி. படத்தின் கீழே இதையும் எழுதினேன்:

'இவர் அணிந்திருப்பது வெளிநாட்டு இசைப் பயணம் ஒன்றின் பனியன். மில்டா, 2011–2019. எட்டு ஆண்டுகள் ஊர் ஊராகப் பாடிவிட்டு விடைபெற்ற குட்டிப் பாடகி. கையிலிருக்கும் மரக்கரண்டிதான் அவளுடைய மைக்.'

பாட்டுக்குழுக்கள் பனியனில் ஆண்டுகளை அச்சடிப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். அந்தச் சிறுமி மரக்கரண்டியை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, முன்பல் ஒன்று இல்லாமல் சிரித்தாள். எனக்கு அவ்வளவே போதுமாக இருந்தது.

[நீங்கள் இதற்குள் புரிந்துகொண்டிருப்பீர்கள். எனக்கு ஐந்து வாரம் ஆனது. அதுவும் ஒருவர் சொல்லி.]

3

அந்தப் பதிவை ஒன்பதாயிரம் பேர் படித்தார்கள். அவர்களில் ஒருத்தி பொள்ளாச்சியிலிருந்து லித்துவேனியாவுக்கு மருத்துவம் படிக்கப் போனவள். 'உங்கள் நாட்டுப் பெண்பிள்ளைப் பெயர் ஒன்று பனியனில் இருக்கிறது' என்று, தான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் படத்தைக் காட்டியிருக்கிறாள். அங்கிருந்து அது யார் யார் கைக்கோ போய், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எனக்கு இது வந்தது. திருத்தாமல் தருகிறேன்.

'அன்புள்ள உடுப்பு ஆசிரியர், நான் இயந்திரம் வழியாக உங்கள் மொழியில் எழுதுகிறேன், பிழைகளுக்கு மன்னிப்பு. பனியனில் உள்ளவர் என் மகள் ஆவார். அவர் பாடகி அல்ல. அவர் அப்படி ஆக விரும்பினார். ஆண்டுகள் அவருடையவை. ஒவ்வொரு செப்டம்பரிலும் அவரது பள்ளி அவரது நினைவுக்காக ஓட்டம் ஓடுகிறது, அதற்கு அறுநூறு பனியன்கள். உங்கள் நாட்டில் தைக்கப்பட்டது என்று கழுத்தில் இருப்பதை இன்றுதான் பார்த்தேன். தயவுசெய்து உங்கள் பக்கத்தை அழிக்க வேண்டாம். பூப்போட்ட சேலையில் உள்ள பெண்மணியின் மேல் அவர் நன்றாக இருக்கிறார். படத்தின் இடது மூலையில், ஓர் ஆணின் கையில், அவர் மறுபடியும் இருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த மூலையைப் பெரிதாக்கி எனக்கு அனுப்ப முடியுமா?'

எட்டு வயதுப் பெண்ணை இயந்திரம் 'அவர்' என்று மரியாதையாகச் சொல்கிறது. நான் 'அவள்' என்று உரிமையோடு எழுதியிருந்தேன்.

இடது மூலையில் யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மூலப் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். பக்கத்துத் தறிக்காரர் குனிந்து தறியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கையில் கசங்கிய துணி. துணியில் கரிய மசகு. மசகுக்கு நடுவே ஒரு கண், கரண்டியின் நுனி, பாதி உதடு.

என் கை தானாகப் போய்த் திரையை மறைத்தது. கணினியை அணைக்கத் தோன்றவில்லை. உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), சாப்பிட வரவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

4

(கட்டுரை போல ஒரு பத்தி. தாவிவிடாதீர்கள்.)

திருப்பூரில் அறுநூறு பனியன் கேட்டால் அறுநூறு மட்டும் அச்சடிக்க மாட்டார்கள். ஓட்டை, கறை, தையல் பிசகு என்று சிலது கழியும். அதனால் சற்றுக் கூடுதலாகவே அடிப்பார்கள். அறுநூறு கப்பலேறிய பிறகு மீந்ததும் கழிந்ததும் ஒரே மூட்டையாகக் கிலோக் கணக்கில் வெளியே வரும். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் யாரோ வெளிநாட்டு ஊரின் பள்ளிப் பெயரையும் கால்பந்துக் குழுவையும் நெஞ்சில் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறோம். என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதில்லை.

ஆறுச்சாமி அப்படி ஒரு மூட்டை வாங்கினார். ஆயுத பூசையன்று பொரியோடும் சுண்டலோடும் ஆளுக்கொரு பனியன் கொடுத்தார். நல்ல மனதோடு கொடுத்தது. அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அளவும் இருந்தது. பெரியவர்கள் யாருக்கும் பற்றவில்லை. பற்றாத பனியனைத் தறிக்குடோனில் என்ன செய்வார்களோ, அதைச் செய்தார்கள். எண்ணெய் துடைக்கப் பனியன் துணியைப் போல எதுவும் வராது.

அதாவது, மில்டாவின் வயதுப் பிள்ளைகளுக்காக வெட்டித் தைத்த பனியன்கள்தாம் நேராகத் துடைக்கப் போயின. இந்த வரியை மூன்று முறை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்திருக்கிறேன்.

ரித்திகாவுக்குப் போன் செய்தேன்.

"அந்த மூலைய வெட்டிப்போட்டு மிச்சத்தை அனுப்பிடு" என்றாள்.

"அவங்க அந்த மூலையத்தான்டி கேக்கறாங்க."

"அப்ப மூலப் படம் அழிஞ்சுபோச்சுன்னு எழுது."

"இன்னொரு பொய்யா?"

"மொதப் பொய் எழுதறப்ப எங்கிட்டக் கேட்டியா? இப்ப மட்டும் ஏன் கேக்கறே?"

பிறகு அவள் குரல் மாறியது. "எங்கப்பாகிட்ட இன்னும் சொல்லலடி. சொன்னா அந்த மனுசன் சோறு திங்க மாட்டாரு."

5

இதற்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

முதல் முடிவு: குடோனில் எல்லோரும் பனியன்களைத் துவைத்துப் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். காலை வெளிச்சம். இருபது மில்டாக்கள் சிரிக்கிறார்கள். ரித்திகா படமெடுக்கிறாள். கடல் தாண்டி ஒரு தாய் அதைப் பார்த்து [இங்கே நிறுத்தினேன். இது மிக அழகாக வந்துகொண்டிருந்தது. 'குட்டிப் பாடகி'யும் இதே போல அழகாகத்தான் வந்தாள்.]

இரண்டாம் முடிவு: நான் உண்மையை எழுதுகிறேன். 'அம்மா, அது துடைக்கும் துணி.' அனுப்பிவிட்டு

இல்லை.

மூன்றாம் முடிவு: பதில் போடாமலே விட்டுவிடுகிறேன். அவர்கள் காத்திருந்து, மறந்து… யார் மறப்பார்கள்?

இத்தனை எழுதிய பிறகுதான் உறைத்தது. பனியனைப் போட்டிருப்பவரை விட்டுவிட்டு மற்ற எல்லோருக்கும் நான் முடிவு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

6

கருமத்தம்பட்டிக்குப் பேருந்தில் போகும்போதே, சென்னியம்மாள் அழுவதாக ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். அவர் அழவில்லை. வரியை அடித்துவிட்டேன்.

தறிச் சத்தத்தில் பேச முடியாது என்று வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்தார். அன்றும் அதே பனியன்.

"அக்கா, இந்தப் பாப்பா பாடகி இல்லீங்க."

"பின்ன?"

"எறந்துபோன புள்ளைங்க. அதோட அம்மா எனக்கு எழுதியிருக்காங்க. இந்த நெம்பரு பொறந்த வருசமும் எறந்த வருசமுங்க."

சென்னியம்மாள் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். அவருக்கு அந்த முகம் தலைகீழாகத்தான் தெரிந்திருக்கும். பனியனுக்குள் செருகியிருந்த முந்தானையை வெளியே இழுத்து அந்த முகத்தின் மேல் போட்டார். போட்ட கையை எடுக்கவில்லை.

"எட்டு வயசா?"

"ஆமாங்க்கா."

"எதுல போச்சு?"

"எழுதலீங்க."

"நீ என்னன்னு எழுதியிருந்தே?"

"பாட்டுப் பாடற புள்ளைன்னு."

"ஆரு சொன்னா உனக்கு?"

"ஆரும் சொல்லலீங்க."

"தெரியலைன்னா தெரியலைன்னு எழுதிப்போட வேண்டியதுதான அம்மணி. அதுல உனக்கு என்ன கொறைஞ்சுபோகுது?"

வலைப்பூவில் இதுவரை எழுதிய நாற்பத்தாறு பதிவுகளையும் அன்று பேருந்தில் திரும்பும்போது படித்தேன். 'தெரியவில்லை' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

அதற்கு முன், தொட்டிப் பக்கத்திலேயே, மில்டாவின் அம்மா கேட்ட மூலையைப் பற்றிச் சென்னியம்மாளிடம் சொன்னேன். சின்ன அளவில் அழுக்காகாத பனியன் ஒன்றாவது மிஞ்சியிருக்குமா என்று கேட்டேன். அவர் என்னை உள்ளே கூட்டிப்போனார். தறிகளுக்கு நடுவே பழைய எண்ணெய் டின் ஒன்று. அதற்குள் துணிகள். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் விரித்தார். எல்லாம் கறுப்பு. ஒன்றைத் திருப்பினார், இன்னொன்றைத் திருப்பினார். வேலை செய்துகொண்டிருந்த தறிக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, என்னவென்று தெரியாமலே கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

சென்னியம்மாள் என் காதருகே வந்து சத்தமாகச் சொன்னார்: "இதுல எது அவ, எது வெறுந்துணின்னு எனக்கே தெரியல கண்ணு."

"காட்டாம இருந்துக்கலாமுங்களா?"

"கேட்டுப்போட்டாளே பெத்தவ." கையை முந்தானையில் துடைக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். "நானா இருந்தா காட்டுன்னுதான் சொல்லுவேன். பாத்துப்போட்டு இருப்பனா, என்ன ஆவேன்னு எனக்குத் தெரியாது. ரெண்டும் நெசந்தான். நீ எதை எழுதுவே?"

அவர் தார் சுற்றப் போய்விட்டார். பனியனைக் கழற்றவில்லை. முந்தானையையும் எடுக்கவில்லை.

7

முடிவை நான் எழுதப்போவதில்லை. 'எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை' என்று எழுதுகிறேன். எழுதிவிட்டேன். சென்னியம்மாள் சொன்னது போல ஒன்றும் குறைந்துவிடவில்லை, ஆனால் மின்னஞ்சல் அப்படியே இருக்கிறது.

பாடகி பற்றிய வரியை மட்டும் வலைப்பூவிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. படம் முழுதாக, மூலையோடு, அங்கேயே இருக்கிறது. நீங்களும் பெரிதாக்கிப் பார்க்கலாம். பார்த்துவிட்டு, அந்த அம்மாவுக்கு என்ன எழுதுவது என்று உங்களுக்குத் தோன்றினால், கீழே இடம் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, இன்று காலை, அந்த அம்மாவிடமிருந்து இரண்டாவது மின்னஞ்சல் வந்தது. இதையும் திருத்தவில்லை:

'அன்புள்ள உடுப்பு ஆசிரியர், தொந்தரவுக்கு மன்னிப்பு. நீங்கள் வேலையாக இருக்கலாம். என்னிடம் மில்டாவின் எல்லாப் படங்களும் உள்ளன, எல்லாச் சிரிப்புகளும் எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் படத்தின் இடது மூலையில் அவரது வாய் வேறு மாதிரி உள்ளது. அது என்னிடம் இல்லாத சிரிப்பு என்று நினைக்கிறேன். அதைக் கொஞ்சம் பெரிதாக அனுப்ப முடியுமா?'