ஆறாம் தாளில் பத்து ஓட்டைகள்

1

2019 செப்டம்பர் 14, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது. ஓஹாயோ மாநிலம், கார்வர்ஸ் ரன் துப்பாக்கிக் கழகம். இருபத்தைந்து கெஜ வரிசையில் ஏழாம் எண் இலக்குத்தாளில் ஓட்டை எதுவும் இல்லை. ஆறாம் எண் தாளில் பத்து ஓட்டைகள்.

இந்தக் கதை அந்த ஆறாம் தாளிலிருந்து வந்தது. அசல் தாள் கழகக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. என்னிடம் இருப்பது நகல். பதினெட்டு வருடமாக நான் அங்கே உறுப்பினன். அன்று மதிப்பெண் குறிக்கும் வேலை என்னுடையது. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டால் போதும் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "துப்பாக்கி வெடித்தது. மரக்கிளையிலிருந்து காகங்கள் பதறி—"

நிறுத்திவிட்டேன். எங்கள் காகங்கள் பதறுவதில்லை. வெடிச்சத்தம் நின்றால்தான் என்ன ஆயிற்று என்று பார்க்கின்றன.

இரண்டாவது: "வெர்னாவின் கைத்துப்பாக்கி, இறந்துபோன அவர் கணவர் கடைசியாகக் கொடுத்த—"

அடித்துவிட்டேன். வெர்னாவின் கணவர் உயிரோடு இருக்கிறார். அன்று மீன் பிடிக்கப் போயிருந்தார்.

(கதையில் துப்பாக்கி வந்தால் யாராவது சாக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். இதில் யாரும் சாகவில்லை. ஒரு காகிதம்தான் கிழிந்தது.)

2

வெர்னா டீட்ரிக், வயது அறுபத்து மூன்று. இருபத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். வியாழக்கிழமை மாலைச் சுடும் ஆட்டத்தில், வரிசையில் ஏழாம் எண் நிற்குமிடம் பத்து வருடமாக அவருடையது. போன குளிர்காலத்தில் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பிறகு இரண்டே முக்கால் பவுண்டு எடையுள்ள நீளக் குழல் கைத்துப்பாக்கியை நீட்டிப் பிடிக்க முடியவில்லை. அதனால் கைப்பையில் பாதுகாப்புக்காக வைத்திருந்த குட்டி ரிவால்வரை எடுத்துக்கொண்டு வரிசைக்கு வந்தார். ஐந்து தோட்டா, இரண்டு அங்குலக் குழல், எடை ஒன்றேகால் பவுண்டு.

கழகத் தலைவர் ஆர்லன் பக். மூன்று அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள எதுவும் இருபத்தைந்து கெஜ வரிசைக்கு வரக் கூடாது என்று தீர்மானம் எழுதிவிட்டார். குட்டித் துப்பாக்கிக் குண்டு தாளை விட்டு மரச் சட்டத்தை உடைக்கிறது என்பது அவர் வாதம். அந்தச் சனிக்கிழமை ஆண்டு விருந்தில் ஓட்டெடுப்பு. தீர்மானம் வென்றால் வெர்னாவுக்கு வியாழக்கிழமை இல்லை. இந்தக் கதையில் பணயம் அந்த வியாழக்கிழமைதான்.

"அது சீட்டாட்ட மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனைச் சுடுறதுக்குச் செஞ்சது, அம்மணி," என்றார் ஆர்லன். "இருபத்தஞ்சு கெஜத்துல அது வெறும் சத்தம்."

"அப்போ நீ அங்க போய் நில்லு, தலைவரே. வெறும் சத்தம்தானே?"

ஓட்டுக்கு முன்னால் ஆளுக்கு ஐந்து குண்டு சுட்டுப் பார்ப்பது என்று முடிவானது. அவரவர் துப்பாக்கி. தோட்டா மட்டும் ஆர்லன் வீட்டில் செய்தவை, ஒரே பெட்டியிலிருந்து இருவருக்கும். பிறகு தோட்டா சரியில்லை என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக. (இந்த நேர்மைதான் பிற்பாடு எல்லாவற்றையும் குழப்பியது.)

3

இந்தப் பகுதியை ஒரு நண்பர் வெட்டிவிடச் சொன்னார். வெட்டவில்லை.

குட்டித் துப்பாக்கி தூரத்தில் குறி தவறும் என்பது பாதி உண்மை. குழல் குட்டை என்பதால் குண்டு குடிகாரன் மாதிரி தள்ளாடுவதில்லை. இரும்பு இடுக்கியில் பிடித்துச் சுட்டால் அதுவும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் போடும். தவறுவது கண். குறிபார்க்கக் குழல் முனையில் இருக்கும் முன்குறிக்கும், கண் பக்கம் இருக்கும் பின்குறிக்கும் நடுவே நாலே விரல்கடை. அதில் ஒரு முடி அளவு பிசகினால் இருபத்தைந்து கெஜத்தில் உள்ளங்கை அளவு பிசகும். நீளத் துப்பாக்கியில் அதே பிசகு பாதியாகிவிடும்.*

* இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஆர்லனின் துப்பாக்கியில் பின்குறியைத் திருகித் திருத்தலாம். வெர்னாவுடையதில் முடியாது. பின்குறி என்பது அதன் உடம்பிலேயே வெட்டிய பள்ளம். தோட்டா மாறினால், நடுவில் குறிவைத்தாலும் குண்டு வேறெங்காவது போய் விழும். ஆனால் எல்லாம் அதே வேறெங்காவதில்.

4

டூயி எங்கள் வரிசை அதிகாரி. அவர் கட்டளையில்லாமல் யாரும் இருமக்கூட மாட்டார்கள். "காதை மூடுங்க. தயாரா? சுடுங்க!"

ஆறாம் இடத்தில் ஆர்லன், ஏழில் வெர்னா. இருவரும் ஒரே நேரத்தில். நான் தொலைநோக்கியை ஏழாம் தாளில் வைத்திருந்தேன். ஒன்று. இரண்டு. ஐந்தும் முடிந்தது. தாள் துவைத்துக் காயப்போட்ட துணி மாதிரி இருந்தது.

(என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். எனக்குத் தெரியாது. என் முகத்தை நான் பார்க்கவில்லை.)

துப்பாக்கிகளைக் காலி செய்து கீழே வைத்துவிட்டு எல்லோரும் முன்னால் நடந்தோம். ஏழாம் தாளைப் பார்த்ததும் பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பியது. வெர்னா தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இங்க வாங்க," என்றார் டூயி, ஆறாம் தாளிலிருந்து. "ஒண்ணு, ரெண்டு… பத்து. ஆர்லன், உன் துப்பாக்கி குட்டி போட்டிருக்கு."

இந்த இடத்தில் எண் பலகைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து வருடமாக ஒவ்வொரு தாளின் எண்ணும் அதன் வலப்பக்கக் கம்பத்தில் இருந்தது. போன வாரம் ஆர்லன் எல்லாவற்றுக்கும் புது வண்ணம் அடித்து, பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று இடப்பக்கக் கம்பத்தில் மாட்டிவிட்டார். வெர்னா ஏழு என்ற எண்ணைத் தேடினார், பழக்கப்படி அதற்கு இடப்பக்கம் இருந்த தாளைச் சுட்டார். அது ஆறு.

"இருபத்தொம்போது வருஷம் பஸ் ஓட்டினா," என்றார் ஆர்லன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னிக்கு அஞ்சு பிள்ளைங்களையும் பக்கத்து வீட்டுல இறக்கிவிட்டுட்டா!"

"தெருப் பலகையை மாத்தி வெச்சது யாரு, உங்க அப்பாவா?"

5

பத்து ஓட்டைகளும் ஒரே மாதிரி. ஒரே அச்சில் வார்த்த ஈயம். ஐந்து ஓட்டைகள் தாளின் நடுவைச் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. மற்ற ஐந்தும் நடுவுக்கு நாலு விரல்கடை கீழே, கொஞ்சம் இடப்பக்கம், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.

நோரீன் பக், ஆர்லனின் மனைவி, கையில் காப்பிக் கோப்பையோடு வந்தார். அவரைக் கதைக்குள் கொண்டுவரும் எண்ணம் எனக்கு இல்லை. அவராகவே வந்தார். மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டு, கோப்பையின் அடியை அந்த நெருக்கமான ஐந்தின் மேல் வைத்தார். ஐந்தும் மறைந்தன. எடுத்தபோது தாளில் பழுப்பு வளையம். உள்ளே ஐந்து ஓட்டைகள்.

"அஞ்சும் ஒரே படுக்கையில தூங்குதுங்க," என்றார். "யாரு பெத்தது?"

"தலைவருதுதான், வேற யாருது?" என்று நாலைந்து குரல்கள்.

டூயி விதிப்புத்தகத்தைப் படித்தார். ஓட்டைகளைப் பிரித்தறிய முடியாவிட்டால், தாளுக்கு உரியவருக்கு அதிக மதிப்புள்ள ஐந்து. தவறிச் சுட்டவருக்குச் சுழி. அப்படி எண்ணினால் ஆர்லனுக்கு ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று. வளையத்துக்குள்ளிருந்து மூன்று ஓட்டைகள் அந்தக் கணக்கில் போயின.

"என்ன, என் பிள்ளைங்க மூணு பேரைத் தத்து எடுத்துக்கிட்டியா?" என்றார் வெர்னா. சிரித்தார், ஆனால் கோப்பை வளையத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

6

என் முதல் பிரதியில் ஆர்லன் வில்லன். தாடையை இறுக்குவார், விதியைக் காட்டுவார். இந்தப் பகுதிக்கு வந்ததும் அவர் ஒத்துழைக்கவில்லை.

தாளின் முன் வெகுநேரம் குனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்தார்.

"கோடை பூரா உட்கார்ந்து என் பின்குறியைத் திருகினேன். இந்தத் தோட்டாவுக்கு அது நடுவுலதான் போடும். கீழ இடதுபக்கம் போடாது. போடவே போடாது." ஒரு விரலால் சிதறலைக் காட்டினார். "நடுவைச் சுத்தி நிக்குது பாரு, இந்த ஆட்டு மந்தை, இதுதான் என்னுது."

"அப்போ வளையம்?" என்றார் நோரீன்.

"திருக முடியாத துப்பாக்கி எதுவோ, அது போட்டது."

"ஏன் இப்படிச் சிதறிச்சு?"

"இவ என்ன பண்றான்னு பாத்துக்கிட்டே சுட்டேன்."

அன்று நான் கேட்டதிலேயே பெரிய சிரிப்பு அதுதான். ஆர்லன் தலையில் யாரோ தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டார்கள்.

7

முடிவுகள்.

(அ) ஆர்லன் வாயைத் திறக்கவில்லை. தீர்மானம் வென்றது. "அன்று மாலை வெர்னா குட்டித் துப்பாக்கியைக் கைப்பைக்குள்—" இரண்டு பக்கம் எழுதினேன். எல்லா வாக்கியமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது.

(ஆ) வெர்னா மறுபடி சுடுகிறார், ஐந்தும் நட்ட நடுவில். உண்மையிலேயே டூயி கேட்டார், "இன்னொரு தடவை?" வெர்னா சொன்னார், "நான் சுட்டாச்சு. கோழி நூடுல்ஸ் ஆறிப்போகுது." அவர் மறுத்ததை நான் எழுதக் கூடாது.

(இ) இதுதான் எனக்குத் தொந்தரவு. அந்த ஐந்து வெர்னாவுடையவை என்பதற்கு ஆர்லனின் வாய்ச்சொல் மட்டுமே சாட்சி. துப்பாக்கியைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் அன்று காலை பின்குறியை எந்த அளவுக்குத் திருகி வைத்திருந்தார் என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரு பழைய தோழிக்காக ஒருவர் தன் நல்ல ஐந்து குண்டுகளையும் விட்டுக்கொடுக்கலாம். நவம்பரில் அவரிடமே கேட்டேன்.

"நீதானே மூணு நிமிஷம் தொலைநோக்கியில பாத்தே?" என்றார். "நீயே சொல்லு."

வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். வளையத்துக்குள் இருப்பவை யாருடையவை என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பக்க ஓரத்தில் இடம் இருக்கிறது.

8

மதிப்பெண் பலகை: ஆர்லன் பக் 43, வெர்னா டீட்ரிக் 0. விருந்துக்குப் பின் ஓட்டெடுப்பு. தீர்மானத்துக்கு ஆதரவு 4, எதிர்ப்பு 19. அதைக் கொண்டுவந்தவரும் எதிராகவே கை தூக்கினார். எண் பலகைகள் வலப்பக்கக் கம்பங்களுக்குத் திரும்பின. அடுத்த வியாழக்கிழமை வெர்னா ஏழாம் இடத்தில் நின்று ஏழாம் தாளைச் சுட்டார்.